இரண்டு முறை ஓய்வு பெற்ற ரயில்

சென்ற மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, "எங்கள் ஊர் ரயில்" என்று கட்டுரைத் தலைப்பு ஒன்று கொடுத்திருந்தேன். வந்து சேர்ந்த 42 கட்டுரைகளில் 41 கட்டுரைகள் ஒரே அச்சில் வார்த்தவை. ரயிலில் கூட்டம் அதிகம், ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தால் ஆனந்தம், படியில் தொங்கக் கூடாது, இத்துடன் சுபம். மிச்சமிருந்த ஒன்று பல்லாவரத்திலிருந்து வரும் ஒரு பையனுடையது. அவன் எழுதியிருந்தான்: "முன் காலத்தில் எங்கள் ஊர் வழியாக ஒரு பொம்மை ரயில் ஓடிற்றாம். அது கிழமாகிப் போனபடியால் நிறுத்தி விட்டார்களாம். எங்கள் தாத்தா சொன்னார்."

இதை வகுப்பில் வாசித்துக் காட்டியபோது பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொம்மை ரயிலில் ஆறு வருஷம் பிரயாணம் செய்து படித்தவன் நான். என் தகப்பனார் 37 வருஷம் அதில் ஏறி இறங்கிக் குடும்பம் நடத்தினார். அவருக்கு முன் என் பாட்டனார். ஆக, மூன்று தலைமுறையின் அரிசியும் பருப்பும் பள்ளிச் சம்பளமும் அந்தப் பொம்மையின் மேல் ஏறித்தான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

பொம்மை என்று சொன்னதை மன்னித்து விடலாம். இன்றைய வண்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது சிறியதுதான். கிழமாகிப் போனபடியால் நிறுத்தினார்கள் என்பதைத்தான் திருத்தாமல் விடக் கூடாது என்று தோன்றிற்று. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடிய சின்ன மின்சார ரயில், ஒரு முறை அல்ல, இரண்டு முறை ஓய்வு பெற்றது. இரண்டு முறையும் மூப்பு ஒரு காரணமே அல்ல. முதல் தடவை தலைக்கு மேலிருந்த கம்பியை மாற்றினார்கள். அடுத்த தடவை காலுக்குக் கீழிருந்த தண்டவாளத்தை மாற்றினார்கள்.

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லுகிறேன். தெற்குச் சீமைக்கெல்லாம் ரயில் விட்டுக் கொண்டிருந்தது, தென்னிந்திய ரயில்வே என்னும் இங்கிலீஷ் கம்பெனி. அதன் சென்னை வாசல் எழும்பூர். இன்று நாம் பார்க்கிற அந்தச் சிவப்புக் கட்டடம் 1908-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்டது. அந்தக் கம்பெனியின் பிரதான பாதைகள் மீட்டர் கேஜ். அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர். பட்டணம் தெற்கே வளர வளர, சைதாப்பேட்டை, பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்து ஜனங்கள் கோட்டைக்கும் பாரிமுனைக்கும் உத்தியோகத்துக்காக வந்து போவது அதிகமாயிற்று. நீராவி எஞ்சின் நெடுந்தூரப் பிரயாணத்துக்குச் சூரன். ஆனால் மைலுக்கு மைல் நின்று நின்று போகச் சொன்னால் பெருமூச்சு விடும். ஆகையால் இந்தப் பதினெட்டு மைலுக்கும் மின்சாரக் கம்பி போடுவதென்று தீர்மானித்தார்கள். புறநகர் வண்டிகளுக்கென்று தனிப் பாதையும் போட்டார்கள்.

1931-ஆம் வருஷம் ஏப்ரல் 2-ஆம் தேதி, அப்போதைய கவர்னர் ஸர் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லி இந்த ரயிலைத் துவக்கி வைத்தார். பொது ஜனங்கள் ஏறியது மே 11-ஆம் தேதியிலிருந்து. காந்தி – இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு மாதம்கூட ஆகாத சமயம் அது. பகத் சிங் தூக்கிலிடப்பட்டுப் பத்தே நாள். கவர்னர் துவக்கி வைக்கும் விழாக்களில் தேசத்தின் மனம் இல்லாத காலம். ஆனாலும் எஞ்சின் இல்லாமல் ஒரு வண்டி தானாகப் புறப்பட்டால் யார்தான் வேடிக்கை பார்க்காமல் இருப்பார்கள்? என் பாட்டனார் அப்போது பத்தொன்பது வயதுப் பிள்ளை. கதர்ச் சட்டையும் தானுமாகப் போய்ப் பார்த்து விட்டு வந்ததாகச் சொல்லுவார். "புகையும் இல்லை, கரியும் இல்லை, வெள்ளைக்காரன் செய்த காரியங்களில் சட்டையை அழுக்காக்காத காரியம் இது ஒன்றுதான்" என்பது அவருடைய தீர்ப்பு.

எஞ்சின் இல்லாத வண்டி என்றேன். அதன் சூட்சுமம் இதுதான். நீராவி ரயிலுக்குத் தலை ஒன்று. கடைசி ஸ்டேஷனை அடைந்ததும் அந்தத் தலையைக் கழற்றி, பக்கத்துப் பாதை வழியே சுற்றிக் கொண்டு வந்து, மறு கோடியில் மாட்ட வேண்டும். நடுவில் அதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும். கரி போட வேண்டும். மின்சார வண்டியில் மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. இரண்டு கோடியிலும் டிரைவர் அறை உண்டு. பீச் ஸ்டேஷனில் வந்து நின்றவுடன் டிரைவர் தம்முடைய சாமான்களை எடுத்துக் கொண்டு பின் கோடிக்கு நடப்பார். கார்டு முன் கோடிக்கு நடப்பார். பிளாட்பாரத்தின் நடுவில் இருவரும் சந்தித்து ஒரு வார்த்தை பேசிக் கொள்வார்கள். வாலாக இருந்தது தலையாகி விடும். வண்டி புறப்பட்டு விடும். நெருக்கடியான வேளைகளில் பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி விட முடிந்ததென்றால், அது இந்த ஏற்பாட்டினால்தான். மின்சாரம் பேஸின் பிரிட்ஜில் இருந்த மெட்ராஸ் எலெக்ட்ரிக் ஸப்ளை கார்ப்பொரேஷனின் நிலையத்திலிருந்து வந்தது. எழும்பூரிலும் மீனம்பாக்கத்திலும் அதை ரயிலுக்கு ஏற்றபடி மாற்றி, 1,500 வோல்ட்டில் கம்பிக்கு அனுப்பினார்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பிரயாணிகள் வண்டியோடு கூட, சாமான் வண்டிகளை இழுப்பதற்கென்று நாலே நாலு மின்சார எஞ்சின்களும் இங்கிலாந்திலிருந்து வந்தன. ஹாத்தார்ன் லெஸ்லி, இங்கிலிஷ் எலெக்ட்ரிக் என்னும் கம்பெனிகளின் வேலை. கிளைப் பாதைகள் எல்லாவற்றுக்கும் கம்பி போடுவது கட்டாதல்லவா? அதற்காக அந்த எஞ்சின்களோடு ஒரு பாட்டரி வண்டியையும் மாட்டி விட்டிருந்தார்கள். கம்பியின் கீழே இருக்கும் வரையில் கம்பி மின்சாரம். கம்பி இல்லாத இடத்தில் கட்டுச் சாதம். இன்று பாட்டரியில் ஓடும் மோட்டார் காரைப் பற்றிப் பிரமாதமாகப் பேசுகிறோம். நம் ஊர்த் தண்டவாளத்தில் அந்த வித்தை 1930-களிலேயே நடந்திருக்கிறது.

இந்த ரயில் வந்ததனால் சென்னைக் குடும்பங்களுக்கு நேர்ந்ததைத் தனிப் புஸ்தகமாகவே எழுதலாம். அதுவரையில் காரியாலயத்துக்கு நடந்து போகிற தூரத்தில், அல்லது டிராம் போகிற தெருவில் குடியிருந்தால்தான் குமாஸ்தாவுக்குப் பிழைப்பு. திருவல்லிக்கேணியிலோ ஜார்ஜ் டவுனிலோ ஒரு வீட்டில் ஆறு குடித்தனம்; கிணற்றடியில் முறை வைத்துக் குளியல். 1920-களில் மாம்பலம் ஏரிப் பக்கத்தில் தியாகராய நகரை நிர்மாணித்தபோது, "அந்தக் காட்டுக்கு யார் போவார்கள்?" என்று கேட்டவர்கள் உண்டு. மின்சார ரயில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிற்று. என் பாட்டனார் 1936-இல் மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்தார். பாட்டிக்கு முதலில் சம்மதமில்லை. நரி ஊளையிடும், பாம்பு வரும் என்று பயந்தாள். பாம்பு வரத்தான் வந்தது. ஆனால் தனிக் கிணறும் வந்தது. கொல்லையில் ஒரு முருங்கை மரமும் வந்தது. பிற்பாடு அவளை ஜார்ஜ் டவுனுக்குத் திரும்பக் கூப்பிட்டிருந்தால், பாம்பையும் கூட்டிக் கொண்டுதான் வந்திருப்பாள்.

கடிகாரத்துக்கும் இந்த ரயிலால் வேலை வந்தது. "எட்டே காலுக்குக் கிளம்புகிறேன்" என்ற பேச்சு போய், "எட்டு இருபத்திரண்டைப் பிடிக்கணும்" என்ற பேச்சு வந்தது. சமையல் அறைக்குள் ரயில்வே கால அட்டவணை நுழைந்து விட்டது. ரசம் கொதிப்பதும் வண்டி வருவதும் ஒன்றையொன்று அனுசரித்து நடக்க வேண்டியதாயிற்று. 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. அதற்குப் பிறகு காலை வேளையில் குமாஸ்தாக்கள் வடக்கே வர, மாணவர்கள் தெற்கே போனார்கள். மாம்பலம் பிளாட்பாரத்தில் இரு சாராரும் எதிரெதிரே நின்று கொண்டு, ஒருவர் வாழ்க்கையைப் பார்த்து மற்றவர் பொறாமைப்படுவார்களாம்.

1942-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், ஜப்பான்காரன் வந்து விடுவான் என்ற பீதியில் பட்டணமே காலியாயிற்று. பாட்டனார் பாட்டியையும் குழந்தைகளையும் கும்பகோணத்துக்கு அனுப்பி விட்டுத் தாம் மட்டும் தங்கியிருந்தார். அந்தச் சில வாரங்களில்தான் தம் வாழ்நாளில் தினமும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போனதாகவும், அந்த இடத்தில் உட்கார ஒரு நாள்கூட மனம் கொள்ளவில்லை என்றும் சொல்லுவார்.

பிறகு காரியங்கள் வேகமாக மாறின. 1944-இல் கம்பெனியின் ரயில்வே சர்க்காரின் கைக்கு வந்தது. 1951-இல் மற்ற ரயில்வேக்களோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயிற்று. 1895 முதல் ஓடிக் கொண்டிருந்த மின்சார டிராம் 1953-இல் நின்று போயிற்று. டிராமைக் கொன்றது கடன் என்பார்கள். ரயிலுக்கு அந்தக் கதி நேரவில்லை. கூட்டம் வருஷத்துக்கு வருஷம் ஏறிக் கொண்டுதான் இருந்தது.

முதல் ஓய்வு வந்தது 1960-களில். அதற்குக் காரணம் ஒரு கணக்கு. குழாயின் வழியே வீட்டுக்குத் தண்ணீர் கொண்டு போவதாக வைத்துக் கொள்ளுங்கள். அழுத்தம் குறைவாக இருந்தால் குழாய் பருமனாக இருக்க வேண்டும். அழுத்தம் அதிகமாக இருந்தால் மெல்லிய குழாயே போதும். மின்சாரத்தில் வோல்ட் என்பது ஏறக்குறைய இந்த அழுத்தம் போன்றது. 1,500 வோல்ட்டில் ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தைக் கொண்டு ரயில் ஓட்ட வேண்டுமானால், பருமனான செம்புக் கம்பி வேண்டும்; வழி நெடுகிலும் மாற்று நிலையங்கள் வேண்டும். தாம்பரத்துக்குப் பதினெட்டு மைல்தான். அதற்கே எழும்பூரில் ஒன்று, மீனம்பாக்கத்தில் ஒன்று தேவைப்பட்டன. செங்கற்பட்டைத் தாண்டி விழுப்புரம் வரையில் கம்பியை நீட்டுவதென்றால் நூறு மைல். எத்தனை நிலையம், எத்தனை செம்பு! இதற்குள் பிரெஞ்சுக்காரர்கள் 25,000 வோல்ட்டில், திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தைக் கொண்டே ரயில் விட்டுக் காட்டியிருந்தார்கள். நம் ரயில்வேயும் 1957-இல் அந்த முறையை ஏற்றுக் கொண்டது. விழுப்புரத்துக்குப் புதுக் கம்பி போயிற்று. போன வேகத்தில் பழைய பதினெட்டு மைலையும் புது முறைக்கு மாற்றி விட்டார்கள்.

1,500 வோல்ட்டுக்கென்று பிறந்த வண்டியை 25,000 வோல்ட்டுக் கம்பியின் கீழே கொண்டு போய் நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முப்பது சொச்சம் வருஷம் உழைத்த முதல் தலைமுறை அத்துடன் விலகிற்று. சக்கரம் தேய்ந்ததனால் அல்ல. வீட்டுக்கு வரும் மின்சாரத்தை மாற்றி விட்டால், நன்றாகச் சுற்றிக் கொண்டிருக்கும் மின்விசிறியும் பரண் ஏற வேண்டியதுதானே?

இரண்டாம் தலைமுறை வண்டியைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அது பெரம்பூர்ப் பிள்ளை. 1955-ஆம் வருஷம் காந்தி ஜயந்தியன்று நேருஜி திறந்து வைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலையில், நம்மவர்கள் கைகளால் அந்தப் பெட்டிகள் உருவாயின. 1931-இல் எஞ்சின் கப்பலில் வந்தது; 1960-களில் வண்டி நாலைந்து மைல் தள்ளியிருந்த பெரம்பூரிலிருந்து வந்தது. விழுப்புரம் பாதையில் நெடுந்தூர வண்டிகளை இழுக்க மட்டும் ஜப்பானின் மித்ஸுபிஷி கம்பெனி இருபது மின்சார எஞ்சின்களைக் கட்டிக் கொடுத்தது.

என் தகப்பனார் 1967-இல் கடற்கரைச் சாலையில் ஒரு காரியாலயத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அதற்குள் குடும்பம் குரோம்பேட்டைக்கு வந்து விட்டது. அன்று முதல் அவருக்கும் அந்த வண்டிக்கும் ஏற்பட்ட பந்தம், சீஸன் டிக்கெட் என்ற தாலிக் கயிற்றால் கட்டியது. அவர் எப்போதும் ஏறுவது பின்னாலிருந்து இரண்டாவது பெட்டி. அதில் ஒரு கோஷ்டி. ஒருவர் பத்திரிகை வாங்குவார். எட்டுப் பேர் வாசிப்பார்கள். குறுக்கெழுத்துப் போட்டிக்கு எல்லாருமாகச் சேர்ந்து விடை கண்டுபிடிப்பார்கள். பரிசு வராததற்கு ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக் கொள்வார்கள். என் அக்காவுக்கு வரன் வந்ததே அந்தப் பெட்டியில்தான். மாப்பிள்ளையின் சித்தப்பா நுங்கம்பாக்கத்தில் ஏறுகிறவர். ஜாதகம் மாம்பலத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே கை மாறிற்று.

இப்படியெல்லாம் சொல்லுவதால் அந்த வண்டி சொர்க்கலோகம் என்று நேயர்கள் எண்ணி விட வேண்டாம். அதன் பெட்டி அகலம் சுமார் ஒன்பது அடி. அதற்குள் பாதி சென்னையை அடைப்பதென்றால் எப்படி? காலை ஒன்பது மணிக்கு ஒரு வண்டிக்குள் நுழைவது ஒரு வித்தை. கிண்டியில் இறங்குவது அதைவிடப் பெரிய வித்தை. கைக்குட்டை விற்கிறவர், கொய்யாப்பழக் கூடை, கண்ணில்லாத பாடகர் எல்லாருக்கும் அதற்குள்ளேயே வழி விட வேண்டும். பலர் வாசற்படியிலே தொங்கிக் கொண்டு போனார்கள். அவர்களில் எல்லாரும் வீடு போய்ச் சேரவில்லை.

நானும் தொங்கியிருக்கிறேன். கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஒரு நாள் மாலை கோடம்பாக்கத்தில் ஓடுகிற வண்டியில் தாவி ஏறினேன். வலது கால் படியில். இடது கால் ஆகாசத்தில். செருப்பு கழன்று போயிற்று. காலும் அதைத் தொடர்ந்திருக்கும். உள்ளே நின்ற ஒரு பெரியவர் என் சட்டைக் காலரைப் பிடித்து, மூட்டையைத் தூக்குவது போல் உள்ளே இழுத்துப் போட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. மாம்பலம் வந்ததும், "உங்க அப்பா குரோம்பேட்டை, கடைசிக்கு முந்தின பெட்டி, அப்படித்தானே?" என்றார். அவர் அதைவிடக் கடுமையாக என்னைத் திட்டியிருக்க முடியாது. அப்பாவிடம் அவர் சொன்னாரா இல்லையா என்பது இன்று வரையில் எனக்குத் தெரியாது. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போனேன். அப்பா என் காலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வாசலில் ஒரு ஜோடிப் புதுச் செருப்பு இருந்தது.

கூட்டத்துக்கு ஏற்றபடி வண்டி பெரிதாக வேண்டும் என்பதில் ஆகவே எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. 1992-இல் ரயில்வே இலாகா தேசமெங்கும் ஒரே அகலத்தில் பாதை இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டது. பிராட் கேஜ் என்பது 1,676 மில்லிமீட்டர், ஐந்தரை அடி. தெற்கே போகும் பாதைகள் ஒவ்வொன்றாக அகலமாயின. சென்னையிலும் சில வருஷ காலம் இரண்டு அகலமும் பக்கம் பக்கமாக இருந்தன. பிளாட்பாரத்தின் ஒரு பக்கத்தில் பன்னிரண்டு அடி அகலமுள்ள புது வண்டி வந்து நிற்கும். மறு பக்கத்தில் நம் சின்ன வண்டி. பெரிய வீட்டுக் கல்யாணத்தில் ஏழைச் சித்தப்பா ஓரமாக நிற்பது போல் இருக்கும். அப்பாவின் கோஷ்டி மட்டும் இடம் மாறவில்லை. பெரிய வண்டியில் காற்று நன்றாக வருகிறது என்று ஒப்புக் கொள்வார்கள். ஏறுவது சின்ன வண்டியில்.

சாதாரண மீட்டர் கேஜ் பெட்டிகளுக்கு ஒரு போக்கிடம் இருந்தது. இங்கே பாதை அகலமானால், இன்னும் மீட்டர் கேஜ் மிச்சமிருக்கும் வேறு ஊருக்கு அவற்றை அனுப்பி விடலாம். எஞ்சினை மாட்டினால் எங்கேயும் ஓடும். மின்சார வண்டிக்கு அது நடக்காது. அதற்கு ஒரு மீட்டர் தண்டவாளமும் வேண்டும், மேலே மின்சாரக் கம்பியும் வேண்டும். அவ்விரண்டும் ஒன்று சேர்ந்த இடம் இந்தியா முழுவதிலும் கடற்கரையிலிருந்து விழுப்புரம் வரையிலான இந்தப் பாதை ஒன்றுதான். 1931-இல் அது முதலாவது. கடைசி வரையில் அது ஒன்றே ஒன்று. அகலப் பாதைக்கு அந்த வண்டி பொருந்தாது. கம்பியில்லாத பாதையில் அது நகராது. ஓடக் கூடிய வண்டிகளாக இருந்தும், ஓடுவதற்குப் பூமியில் இடம் இல்லை.

பம்பாயில் விஷயம் வேறு விதமாக நடந்தது. அங்கே புறநகர் மின்சார ரயில் 1925-ஆம் வருஷம் பிப்ரவரி 3-ஆம் தேதி, விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்குத் துறைமுகப் பாதை வழியே ஓடத் துவங்கிற்று. அதுவும் 1,500 வோல்ட்தான். ஆனால் பாதை அகலம். ஆகவே தண்டவாளத்தால் அவர்களுக்கு ஆபத்து வரவில்லை. கம்பியை மாற்றுவதையும், வண்டிகளின் நெருக்கத்தினால், தள்ளிக் கொண்டே போனார்கள். இரு வகை மின்சாரத்திலும் ஓடக் கூடிய வண்டிகளை வைத்துக் கொண்டு, மேற்கு ரயில்வே 2012-இலும், மத்திய ரயில்வேயின் பிரதான பாதை 2015-இலும் மாறின. பழைய மின்சாரம் கடைசியாக ஓய்ந்தது 2016 ஏப்ரலில். அதுவும் ஆரம்பித்த அந்தத் துறைமுகப் பாதையிலேயே. 91 வருஷம்! சென்னையில் முதல் தலைமுறைக்குக் கிடைத்தது அதில் பாதிகூட இல்லை. பம்பாய்க்காரர்கள் எதிலும் நம்மைவிட ஒரு படி அதிகம் என்று சொல்லிக் கொள்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஒப்புக் கொள்ளலாம்.

சென்னைக் கடற்கரை – தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதியோடு நின்றது. தொடங்கி 73 வருஷம்.

அந்த வருஷம் மே மாதக் கடைசியில் அப்பா ஓய்வு பெற்றார். அவர் கையில் மூன்று மாதச் சீஸன் டிக்கெட் ஒன்று, ஜூன் முடிய, மிச்சமிருந்தது. பணம் கட்டியாகி விட்டது. வீணாக்க அவருக்கு மனம் வருமா? ஜூன் மாதம் முழுவதும் தினம் காலையில் வழக்கம் போல் சட்டை போட்டுக் கொண்டு, சாப்பாட்டுப் பாத்திரம் இல்லாமல், குரோம்பேட்டையில் ஏறிக் கடற்கரை வரைக்கும் போவார். இறங்கி ஒரு காபி சாப்பிடுவார். அடுத்த வண்டியில் திரும்பி வந்து விடுவார். அம்மாவுக்கு முதலில் கவலையாக இருந்தது. பிறகு திரும்பும் வழியில் மாம்பலத்தில் இறங்கிக் காய்கறி வாங்கி வரும்படி சொல்லி விட்டாள்.

ஜூலை முதல் தேதி அன்று, "கடைசி நாளாமே, போகவில்லையா?" என்று கேட்டேன்.

"சீஸன் நேற்றோடு முடிந்து விட்டது. டிக்கெட் வாங்கிக் கொண்டு எதற்குப் போகணும்?" என்றார்.

நானும் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது. பரீட்சைத் தாள்கள் திருத்திக் கொண்டிருந்தேன். அந்த ஒன்றை நினைத்தால் இப்போதும் மனசுக்குள் உறுத்துகிறது. மூன்று தலைமுறையைச் சுமந்த வண்டியை வழியனுப்ப எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. அப்பா அன்று சாயங்காலம் வழக்கமாக வண்டியிலிருந்து இறங்கி வரும் நேரத்தில், திண்ணையிலிருந்து எழுந்து உள்ளே போய்க் கை கால் கழுவிக் கொண்டார்.

இன்று அதே பாதையில் பன்னிரண்டு பெட்டி வண்டிகள் ஓடுகின்றன. 2025 ஏப்ரலில் குளிர்சாதன வண்டிகூட வந்து விட்டது. அதன் கதவுகள் தாமே மூடிக் கொள்கின்றன. செருப்பு போகாது, ஆள் போக மாட்டான். நல்லதுதான்.

வகுப்பறைக்குத் திரும்புவோம். வாயால் சொல்லிப் பிரயோசனமில்லை என்று, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு கோடு போட்டேன், ஒரு மீட்டர் இடைவெளியில். பக்கத்தில் இன்னும் இரண்டு கோடு, 1,676 மில்லிமீட்டரில். முதல் கோடுகளுக்கு நடுவே இரண்டு பிள்ளைகள் தோளோடு தோள் நின்றார்கள். மூன்றாவது பையன் வெளியே போக வேண்டியதாயிற்று. அடுத்ததில் மூன்று பேரும் தாராளமாக நின்றார்கள். பல்லாவரத்துப் பையன் இதைப் பார்த்து விட்டு, "முதலிலேயே அகலமாகப் போட்டிருக்கலாமே, ஐயா?" என்றான்.

போட்டுத்தான் இருந்தார்கள், தம்பி, என்றேன். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போட்ட பாதை முதலில் அகலப் பாதைதான். 1870 வாக்கில் மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, செலவைக் குறைப்பதற்காக மீட்டர் கேஜ் என்று தீர்மானமாயிற்று. அந்தப் பத்து வருஷத்துக்குள் நாகப்பட்டினத்துப் பாதையையும் குறுக்கி விட்டார்கள். பிறகு நூறு வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடியும் அகலமாக்கினார்கள். பையன் சற்று யோசித்தான். "அப்படியானால் இரண்டு செலவு ஆயிற்றே" என்றான். அதற்குள் மணி அடித்து விட்டது.

மறுநாள் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொண்டு வந்தான். பொம்மை ரயில் பொம்மை ரயிலாகவே இருந்தது. ஆனால் "கிழமாகிப் போனபடியால்" என்பதை அடித்து விட்டு, "ஓட வேறு இடம் இல்லாதபடியால்" என்று எழுதியிருந்தான். பத்துக்கு ஏழரை போட்டேன். இரண்டு இடத்தில் வல்லெழுத்து மிகாமல் விட்டிருந்தான்.